ராஜபாளையம் கடுவனை கிராஸுக்கு விடலாமா? படிப்படியாகப் பார்த்து முடிவெடுங்கள்

“உங்க நாய் நல்லா வளர்ந்திருக்கு, எங்க பொட்டைக்கு ஒருமுறை விடுங்க” என்று யாராவது கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். கீழே உள்ள வரிசையில் பாருங்கள். எந்தப் படியில் குறை தெரிகிறதோ, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1. வயது, விதை

இரண்டு வயது முடியட்டும். இடுப்பு மூட்டில் குறை இருக்கிறதா என்று அதற்கு முன் எடுக்கும் எக்ஸ்ரேயை முழுதாக நம்ப முடியாது. இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று உள்ளேயே நின்றிருந்தாலும் குட்டி பிறக்கும்தான். ஆனால் அந்தக் குறை குட்டிகளுக்கும் போகலாம்.

2. காது

பலர் ஏமாறுவது இங்கேதான். வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் இந்த இனத்தின் அழகு. ஆனால் உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே காது கேட்காமல் போய்விடும்.

வீட்டில் காதைச் சோதிக்கும்போது கிட்டே போய்க் கை தட்டினால் காற்று ரோமத்தில் படும். தட்டைத் தரையில் போட்டால் அதிர்வு காலில் தெரியும். செவிட்டு நாயும் திரும்பிவிடும். கூட இன்னொரு நாய் இருந்தால் அதைப் பார்த்தும் திரும்பும். அதனால் மற்ற நாய்களை வெளியே விடுங்கள். ஒருவர் பிஸ்கட்டோடு முன்னால் நின்று அதன் கவனத்தைப் பிடித்திருக்கட்டும். நீங்கள் பத்தடி பின்னால், நிழல் விழாத இடத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். இடப்பக்கம் பத்து முறை, வலப்பக்கம் பத்து முறை. எங்கிருந்து குலுக்கினாலும் ஒரே பக்கமாகத் திரும்பினால் ஒரு காது கேட்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். தலையில் மின்முனை பொருத்தி ஒவ்வொரு காதையும் தனியாக அளக்கும் ‘பேயர்’ பரிசோதனைதான் உறுதி சொல்லும்.

இரண்டு காதும் கேட்கிற கடுவனுக்கும் செவிட்டுக் குட்டி பிறக்கலாம். தாய், தகப்பன், கூடப் பிறந்தவை பற்றி விசாரியுங்கள். விவரமே கிடைக்காவிட்டால் விட வேண்டாம் என்பதே என் கருத்து.

3. தொற்று

புரூசெல்லா என்ற பாக்டீரியாத் தொற்றுக்குக் கடுவன், பொட்டை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். கருச்சிதைவை உண்டாக்கும், மனிதருக்கும் தொற்றும், நாயைவிட்டு முழுதாகப் போவது அரிது. தொற்றிய முதல் சில வாரங்கள் பரிசோதனையில் தெரியாது; அண்மையில் வேறு நாயோடு சேர்ந்திருந்தால் பொறுத்திருந்து மறுபடி எடுங்கள்.

அடுத்தது பாலுறுப்புக் கட்டி. தெருநாய்களிடமிருந்து எளிதில் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. மருத்துவர் ஆண்குறியின் உறையை அடிவரை பின்தள்ளிப் பார்க்க வேண்டும். அங்கே காலிபிளவர் போலச் சிவந்த சதை இருக்கும். சொட்டுச் சொட்டாக ரத்தம் வருவதும் அடையாளம்.

4. குணம்

காரணமில்லாமல் கடிக்கிற நாயும் பட்டாசுக்குக் கட்டிலடியில் ஒடுங்கி நடுங்குகிற நாயும் வேண்டாம்.

5. நாள்

பொட்டைக்கு ரத்தம் தெரிந்த நாளிலிருந்து 9 முதல் 14 நாளுக்குள் விட வேண்டும் என்பார்கள். பொட்டைக்குப் பொட்டை மாறும். நாள் எண்ணுவதைவிட, பொட்டையின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அளக்கும் பரிசோதனை மேல். பொட்டையைக் கடுவன் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். லாக் ஆனபின், அதாவது சேர்ந்த இரண்டும் பிரிய முடியாமல் மாட்டிக்கொண்டபின், 5 முதல் 30 நிமிடம் வரை ஒட்டியே நிற்கும். இழுத்துப் பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயமாகும். ஆளுக்கொரு நாயைப் பிடித்து நில்லுங்கள்.

அடிக்கடி வரும் கேள்வி: “ஒருமுறை விட்டால் அடங்கிவிடுமா?” அடங்காது. மூலைக்கு மூலை சிறுநீர் விடுவதும் கேட்டைத் தாண்டி ஓடுவதும் அதிகமாகலாம்.

6. எழுத்து ஒப்பந்தம்

பணமா குட்டியா, சினை நிற்காவிட்டால் மறுமுறை இலவசமா என்பதோடு, காது கேளாத குட்டி பிறந்தால் அதை யார் வளர்ப்பது என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த வரிக்கு எதிராளி மறுத்தால் நாயை விடாதீர்கள்.