குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம்: என் அனுபவம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் கோழிக்கூட்டில் எதுவும் காய்வதில்லை. அந்த ஈரத்தில்தான் என் ஒரு மாதக் குஞ்சுகள் இறகு சிலிர்த்து, சிறகு தொங்க, மூலையில் ஒட்டி நின்றன. எச்சத்தில் இரத்தம்.

அக்கம்பக்கத்தார் குடற்புழுவுக்கான பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உருண்டைப் புழு குஞ்சின் குடலில் வளர்ந்து முட்டையிடவே 5 வாரங்களுக்கு மேல் ஆகும். 3 முதல் 6 வார வயதில் இரத்தக் கழிச்சல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொக்சிடியோசிஸ். ஐமேரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியின் வேலை அது; புழு மருந்துக்கு அசையாது.

எச்சத்தைப் பொலித்தீனில் மடித்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனேன். நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதிசெய்து, அம்ப்ரோலியம் என்னும் கொக்சிடியோசிஸ் மருந்தைத் தந்தார். நோயுற்ற குஞ்சு தீனியை மறந்தாலும் தண்ணீர் குடிக்கும். ஆகவே மருந்து தண்ணீரில்தான். நலமாகத் தெரிந்த குஞ்சுகளுக்கும் அதே தண்ணீர், வேறு தண்ணீர் கிடையாது. மிகவும் சோர்ந்தவற்றுக்கு அலகோரம் துளித்துளியாக விட்டேன். அந்த நாட்களில் விற்றமின் பி1 சேர்க்கக் கூடாது, மருந்தின் வீரியம் குறைந்துவிடும்.

மருந்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது தரை. எச்சத்தில் வெளியேறும் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கும் அவை சாவதில்லை. நனைந்த மரத்தூளை முழுவதும் அள்ளிவிட்டுக் காய்ந்த உமி பரப்பினேன். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் உயர்த்தினேன். சில குஞ்சுகள் இறந்தன. மற்றவை தீனிக்கு ஓடி வரத் தொடங்கின.