கறுப்பு டி-ஷர்ட்டுக்கு வினைல் கட்டர்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்துவிட்டால் நெல்லைப் பக்கம் ஊருக்கு ஊர் கோயில் கொடைதான், அதாவது ஊர்க் கோயில் திருவிழா. கொடைக்கு ஊர்ப் பையன்கள் ஒரே மாதிரி டி-ஷர்ட் போடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அதிலும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் கறுப்பு. இடையிடையே கபடி அணிகளுக்கு ஜெர்சி ஆர்டர் வேறு. பைக்குக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் டி-ஷர்ட் பக்கம் திரும்புவது இதனால்தான். அப்படித் திரும்புகிறவர்கள் புது மெஷின் பார்க்கப் போனால் கேட்பது அகலம் என்ன, வேகம் என்ன, விலை என்ன என்றுதான். இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

“அண்ணாச்சி, முன்னால சாமி படம் கலர்ல வரணும், பின்னால பயலுவ பேரு வெள்ளையில வரணும்” என்று ஆர்டர் வரும். ஒரே சட்டையில் இது இரண்டு வேலை. பின்னால் வரும் பெயருக்கு ஏறக்குறைய எந்தக் கட்டரும் போதும். சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் ஒற்றை நிற ஹீட் வினைலை வெட்டி, வேண்டாத பகுதியை உரித்து, ஹீட் பிரஸ்ஸில் 150 முதல் 160 டிகிரியில் 10, 15 விநாடி அழுத்தினால் முடிந்தது. முன்னால் வரும் கலர் படம்தான் ஆளைச் சோதிக்கும். கறுப்புத் துணியில் சாதாரண மை தெரியாது. மையைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷனும் உதவாது, அதில் வெள்ளை மையே கிடையாது, வெளிர் நிற பாலியஸ்டரில்தான் அது பிடிக்கும். ஆகவே வெள்ளை அடி உள்ள தாளிலோ வினைலிலோ படத்தை பிரின்ட் எடுத்து, ஓரத்தை ஒட்டி வெட்டி, அதைச் சட்டையில் பதிக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் வெட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் யார் கண்ணிலும் படாது. கறுப்பில் அதே ஒரு மில்லிமீட்டர், சாமியின் கிரீடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடாகத் தெரியும். கொடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

பிரின்ட் எடுத்த படத்தை இப்படி ஓரத்தை ஒட்டி வெட்டுவதற்குப் பெயர்தான் கான்டூர் கட்டிங். அதனால் ‘கான்டூர் கட்டிங் உண்டு’ என்று விளம்பரத்தில் இருக்கும் ஒரு வரியை நம்பிப் பணம் கட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கான்டூரில் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த பல மெஷின்களில் இருப்பது வெறும் லேசர் புள்ளி. பிரின்டின் மூலைகளில் உள்ள குறிகளின் மேல் அந்தச் சிவப்புப் புள்ளியை நாமே பட்டனைத் தட்டித் தட்டி நிறுத்த வேண்டும். ஐந்து சட்டைக்குப் பரவாயில்லை, ஐம்பது சட்டைக்குக் கண் வலிக்கும். இன்னொரு வகையில் ஆப்டிகல் சென்சார் இருக்கும். அது கறுப்புக் குறிகளைத் தானே தேடிப் படித்து, தாள் கோணலாக இருந்தாலும் பிரின்டர் அளவைக் கொஞ்சம் இழுத்திருந்தாலும் அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொண்டு வெட்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: டெமோவின்போது தாளை வேண்டுமென்றே லேசாகக் கோணலாக மாட்டச் சொல்லுங்கள். அப்போதும் ஓரம் சரியாக வந்தால் வாங்கலாம். விற்பவர் முகம் சுளித்தால் அடுத்த கடை. சென்சார் இருந்தாலும் பளபளக்கும் தாள், மேலே நேராக அடிக்கும் டியூப்லைட் இரண்டும் அதை ஏமாற்றும். எப்படியானாலும் வெட்டுக் கோட்டைப் படத்துக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே வைத்து வரைவது நல்லது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு வருவதெல்லாம் போட்டோவும் கலர் படமும்தான் என்றால் கட்டரே வேண்டாம். படத்தை பிலிமில் அடித்து அதிலிருந்து சட்டைக்கு மாற்றும் டிடிஎஃப் முறையில் வெள்ளை மையும் சேர்த்தே அடிப்பதால் வெட்டவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். பிலிமை மீட்டர் கணக்கில் வெளியே அடித்து வாங்கிக்கொண்டால் கையில் ஹீட் பிரஸ் இருந்தால் போதும். ஆளுக்கொரு பெயரும் நம்பரும் மாறுகிற ஜெர்சி, மினுமினுக்கும் கிளிட்டர், தடவினால் வெல்வெட் போலிருக்கும் ஃபிளாக் என்று வேலை வருகிறவர்களுக்குத்தான் கட்டர் சோறு போடும். கபடி அணி என்றால் 12 பேர், 12 பெயர், 12 நம்பர்.

அடுத்தது, ஆங்கில எழுத்தை மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது. தமிழில் புள்ளி இருக்கிறதே! ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் ‘நெல்லையப்பர்’ என்று வெட்டச் சொல்லுங்கள். ல், ப், ர் மூன்றின் தலையிலும் கடுகளவு புள்ளி. வேண்டாத வினைலை உரிக்கும்போது இந்த மூன்றும் கூடவே பெயர்ந்து வந்தால் வெட்டு முழுதாக விழவில்லை என்று அர்த்தம். பிளேடு மொன்னையாக இருக்கலாம், அழுத்தம் போதாமல் இருக்கலாம், ஆஃப்செட் (பிளேடின் நுனி அதன் நடு அச்சிலிருந்து விலகியிருக்கும் அளவு) தப்பாக இருக்கலாம். ஆஃப்செட் தப்பினால் புள்ளியின் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது, மூலைகளும் மழுங்கும். பின்பக்கத் தாளைத் திருப்பிப் பாருங்கள்: பிளேடு தடம் லேசாகத் தெரியலாம், கிழிந்திருக்கக் கூடாது. சாஃப்ட்வேரையும் அப்போதே கவனியுங்கள். சில ஃபான்ட்களில் கொம்பும் கொக்கியும் எழுத்தின் மேல் ஏறி நிற்கும். கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் அவற்றை வெல்ட் செய்யாமல், அதாவது ஒரே உருவமாக இணைக்காமல் அனுப்பினால் பிளேடு எழுத்துக்குள்ளேயே குறுக்கே வெட்டிவிடும். தன் சொந்த சாஃப்ட்வேரைத் தவிர வேறெதையும் ஏற்காத மெஷின்கள் உண்டு. சிலவற்றுக்கு இன்டர்நெட்டும் வேண்டும்.

அகலத்துக்கு வருவோம். ஹீட் வினைல் ரோல் பெரும்பாலும் 50 சென்டிமீட்டர் அகலத்தில் வருகிறது. 24 இஞ்ச் மெஷினில் அதை அப்படியே மாட்டலாம். 12 இஞ்ச் மெஷின் என்றால் ரோலை அறுத்துத்தான் போட வேண்டும், மிச்சம் நிறைய வீணாகும். நான்கு அடி மெஷின் பேனர், கண்ணாடி வேலைக்கு. டி-ஷர்ட்டுக்காக அதை வாங்குவது வீண் செலவு. வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், நேரம் போவது உரிப்பதிலும் பிரஸ்ஸிலும்தான்.

கிராம் கணக்கில் சொல்லும் அழுத்தம் மட்டும் முக்கியம். சாதாரண வினைலுக்குக் குறைவாகவே போதும். ஃபிளாக், கிளிட்டருக்கு அழுத்தமும் கூட வேண்டும், 45 டிகிரி பிளேடுக்குப் பதில் 60 டிகிரியும் வேண்டும். ஒற்றை நிற வினைலைத் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். பிரின்ட் எடுத்த வெள்ளை அடி வினைலை நேராகவே வெட்ட வேண்டும். ஒரே நாளில் இரண்டு வேலையும் பார்க்கிற கடைகளில் இது மாறிப்போய் ரோல் பாழாவது சகஜம்.

கடைசியாக, பிளேடு எந்த மாடல் என்று கேளுங்கள். ரோலண்டு கம்பெனி மாடல் பிளேடு என்றால் பல இடங்களிலும் கிடைக்கும். பிளேடு ஓடும் பாதையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டை தேய்ந்தால் மாற்றுப் பட்டை யாரிடம் கிடைக்கும், ஆள் பாளையங்கோட்டையிலிருந்து வருவாரா சென்னையிலிருந்தா என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். வெட்டும்போது கரன்ட் போனால் மெஷின் நின்ற இடத்தை மறந்துவிடும், அந்தத் துண்டு வீண். கட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரு யுபிஎஸ்ஸில் போடலாம். ஹீட் பிரஸ்ஸை மட்டும் அதில் செருகாதீர்கள், தாங்காது.