செராமிக் அடுப்புக்குப் பாத்திரமா? ஸ்கேலோடு போங்கள்

செராமிக் அடுப்புக்கு, அதாவது கண்ணாடிப் பரப்புக்கு அடியிலிருந்து மின்சாரத்தில் சூடேறும் அடுப்புக்கு, பாத்திரம் வாங்கும்போது அதைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் குறுக்கே ஒரு ஸ்கேலை நிறுத்தி வையுங்கள். நடுவில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. சூடேறும்போது உலோகம் விரிந்து அந்தக் குழிவு பெரும்பாலும் சமமாகிவிடும். ஸ்கேல் நடுவில் முட்டிக்கொண்டு இரு பக்கமும் ஆடினால், எவ்வளவு அழகான பாத்திரமானாலும் வேண்டாம்.

இந்த அடுப்பில் சுடர் கிடையாது. கண்ணாடியை ஒட்டி உட்காரும் இடத்தில்தான் சூடு நன்றாக ஏறும். இடைவெளி விழுந்தால் சமையலும் தாமதம், மின்சாரமும் வீண். நல்ல பாத்திரத்தைக்கூட நாமே கோணலாக்குவதுண்டு: அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு குழாய்த் தண்ணீரில் காட்டினால் அடி வளைந்துவிடும். ஆறவிட்டுக் கழுவுங்கள். அப்புறம், அடியைத் துடைத்துவிட்டு வையுங்கள், நகர்த்தும்போது இழுக்காமல் தூக்குங்கள். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், கண்ணாடியில் கோடு விழ.

கேஸ் அடுப்புக்கு இந்தச் சோதனை அவ்வளவு முக்கியமில்லை. இண்டக்‌ஷன் என்றால் ஸ்கேல் மட்டும் போதாது, அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.