எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் செய்யக்கூடாத தவறுகள்: களப்பணி நோட்டிலிருந்து தொடங்குவோம்

எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலை மாணவர் ஒருவர் எப்படித் தேறுவார் என்பதை முதல் செமஸ்டரிலேயே பாதி சொல்லிவிடலாம். மதிப்பெண் பட்டியல் தேவையில்லை, களப்பணி அறிக்கையைப் புரட்டினால் போதும்.

பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி உண்டு. மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம், குடிசைப் பகுதி என்று எங்காவது அனுப்புவார்கள். போய்வந்து அறிக்கை எழுதி, மேற்பார்வை ஆசிரியரிடம் அதை வைத்துப் பேச வேண்டும். பலர் இதைக் கையெழுத்து வாங்கும் சடங்காக்கிவிடுகிறார்கள். நான்கு வார அறிக்கையை ஒரே இரவில் எழுதுவதும், சீனியரின் பழைய நோட்டைப் பெயர் மாற்றி எடுத்தெழுதுவதும் விடுதிகளில் ஊரறிந்த ரகசியம். அப்படி எழுதிய நோட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். அதில் வரும் எல்லாக் குடும்பத்திலும் அப்பா குடிப்பார், அம்மா கூலி வேலைக்குப் போவார், பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமிருக்காது.

உண்மையாகவே போய்வந்தவர்களும் எழுத்தில் கோட்டை விடுகிறார்கள். "பயனாளி மிகவும் மனமுடைந்து காணப்பட்டார். அவருக்கு ஆலோசனை வழங்கினேன். அவர் தெளிவடைந்தார்." மூன்று வாக்கியங்கள், மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டு பேச ஒன்றுமில்லை. அதே சந்திப்பை இப்படி எழுதலாம்: "கணவர் வேலைக்குப் போகிறாரா என்று கேட்டேன். அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து மாமியார் பதில் சொன்னார். அந்தப் பெண் தரையைப் பார்த்தார். எனக்குச் சங்கடமாக இருந்ததால் ரேஷன் அட்டை பற்றிப் பேச்சை மாற்றிவிட்டேன்." இந்தக் கடைசி வரி பொன். பேச்சை ஏன் மாற்றினோம், அடுத்த முறை எங்கே வைத்துப் பேசுவது, பிள்ளையை அழைக்க அவர் அங்கன்வாடிக்கு வரும் நேரத்தில் பார்க்கலாமா என்றெல்லாம் உரையாடல் தொடங்குவது அதிலிருந்துதான். தன் தடுமாற்றத்தை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். நல்ல ஆசிரியர் அதற்குத்தான் மதிப்பெண் போடுவார். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது கல்லூரி விதியாக இருந்தாலும், பயனாளி சொன்ன முக்கியமான வார்த்தைகளைத் தமிழிலேயே எழுதிவையுங்கள். "வீட்டில் என்னை ஆளாகவே மதிப்பதில்லை" என்பதைச் 'சுயமதிப்புக் குறைவு' என்று சுருக்கிவிட்டால் அந்தப் பெண் நோட்டிலிருந்து காணாமல் போய்விடுவார்.

அடுத்தது அறிவுரை. "குடியை விடுங்கள்" என்பதை மனைவி, தாய், மைத்துனர் என்று ஊரே குடிப்பவரிடம் சொல்லி முடித்துவிட்டது. இருபத்திரண்டு வயது மாணவர் அதையே திரும்பச் சொல்ல அங்கே போக வேண்டியதில்லை. இரக்கப்பட்டுக் கைக்காசைக் கொடுப்பதும் இதே ரகம்தான். அடுத்த வாரம் உங்களுக்காகக் காத்திருப்பது பணமா, பேச்சா என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

குழந்தைகளோடு பணியாற்றுபவர்கள் செய்யும் இரண்டு தவறுகள் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். ஒன்று, புகைப்படம். இல்லத்துப் பிள்ளைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதைச் சேவையின் அடையாளமாக நினைக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றொன்று, வாக்குறுதி. "யாரிடமும் சொல்லாதீர்கள் அக்கா" என்று ஒரு சிறுமி தொடங்கும்போது, "சொல்லமாட்டேன்" என்று தலையாட்டிவிடுகிறார்கள். அந்த வாக்கைக் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவிப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி கட்டாயம். தெரிவிக்கத் தவறினால் தண்டனையும் உண்டு. "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று முன்பே சொல்லுங்கள். அன்றைக்கே நிறுவன மேற்பார்வையாளரிடம் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.

சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் வதந்தியை நம்பிப் போகிறார்கள். மனிதவளப் பிரிவுக்குக் கூட்டம் சேர ஒரு வரலாறு இருக்கிறது: 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. சமூகப்பணி படித்தவர்கள் ஆலைகளுக்குள் நுழைய அது வாசலாக அமைந்தது. இன்று அதே வாசலில் எம்.பி.ஏ. படித்தவர்களும் நிற்கிறார்கள். தொழிலாளர் சட்டத்தைக் கரைத்துக் குடிக்காமல் அங்கே போட்டியிட முடியாது.

மருத்துவ, மனநலப் பிரிவை எடுப்பவர்களின் தவறு வேறு. எம்.எஸ்.டபிள்யூ. முடித்தாலே மனநலச் சமூகப் பணியாளர் ஆகிவிடலாம் என்று நினைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறை, முதுகலைப் பட்டத்துக்கு மேல் மனநலச் சமூகப்பணியில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பையும் கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். படிப்புகளுக்கு முடிவுகட்டிவரும் காலம் இது. எனவே பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இப்போது என்ன ஏற்பாடு என்பதைக் கடைசி ஆண்டில் அல்ல, சேரும்போதே விசாரிக்க வேண்டும்.

கோட்பாடுகளை ஒப்பிக்கும் மாணவர்கள் பலருக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று தெரிவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும், ரேஷன் அட்டை வேண்டும். டயாலிசிஸ் வார்டின் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு உங்கள் பாடப்புத்தகத்தைவிட இந்தத் தகவல்தான் முதலில் உதவும். ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நின்று பாருங்கள். சமுதாயக் களப்பணியில் இருப்பவர்கள் கிராம சபையைத் தவறவிடக் கூடாது. தமிழ்நாட்டில் குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சிகள் தினம் என ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. அங்கே யார் முன்வரிசையில் உட்காருகிறார்கள், யார் மரத்தடியில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டால் பாதி ஊர் புரிந்துவிடும்.

கிராம முகாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெருக்கூட்டி, நாடகம் போட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவது முகாம் அல்ல, சுற்றுலா.

கடைசி செமஸ்டரையொட்டி வரும் ஒரு மாதத் தொடர் களப்பணியை வீட்டுக்குப் பக்கம், சாப்பாட்டுக்கு வசதி என்று தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தத் துறையில் வேலை தேடப் போகிறீர்களோ அந்தத் துறை நிறுவனத்துக்குப் போங்கள், வெளியூராக இருந்தாலும் சரி. சிறு தொண்டு நிறுவனங்களில் பணியிடம் காலியானால் பல நேரம் விளம்பரம் வருவதற்கு முன்பே, போன ஆண்டு வந்திருந்த மாணவர்களில் யார் ஒழுங்காக வேலை செய்தார்கள் என்று விசாரித்து அழைத்துவிடுகிறார்கள்.