புது விதிக்கு மடை திறப்பது எப்படி? கிரிப்டோ நெட்வொர்க் அப்கிரேடு: தொடக்கநிலைச் செய்முறை

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு நாணயம் ஓட்டினோம். பிட்காயின் நிரலை நகலெடுத்து, பெயரை மாற்றி, கோபி, பவானி, பெருந்துறை, கோவை என்று ஆளுக்கொரு கணினியில் ஏற்றி வைத்திருந்தோம். காசு மதிப்பு ஒன்றும் கிடையாது, கற்றுக்கொள்ளத்தான். மூன்றாம் மாதம் ஒரு விதியை மாற்றினோம். மறுநாள் விடிந்ததும் பவானி மச்சான் போன் செய்தார். "ஏப்பா மாப்ளே, என்ற பொட்டியில நாணயம் குமிஞ்சு கெடக்குது, உன்றதுல ஒண்ணையுங் காணோமே?"

ஒரே ராத்திரியில் எங்கள் சங்கிலி, அதாவது பரிவர்த்தனைகளைப் பிளாக் பிளாக்காகக் கோத்து வைக்கும் பொதுக் கணக்கேடு, இரண்டாகப் பிரிந்திருந்தது. விதியில் பிழை எதுவும் இல்லை. அதை இயக்கி வைத்த விதத்தில்தான் கோட்டை விட்டிருந்தோம். அன்றைக்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் படிகளை இங்கே எழுதுகிறேன். நீங்கள் சின்ன நாணயம் ஓட்டினாலும் சரி, பெரிய நெட்வொர்க்குகளில் நடப்பதைப் புரிந்துகொள்ள நினைத்தாலும் சரி, வரிசை இதுதான்.

படி 1: விதி இறுகுகிறதா, தளர்கிறதா?

எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு. ஒரு காட்டுக்கு (வயலுக்கு) ஆறு மணி நேரம் என்று முறை வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை நான்கு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். சேதி தெரியாத ஒருவர் வரப்பில் நின்று பார்க்கிறார். நான்கு மணி நேரத்தில் மடையை அடைக்கிறார்கள். ஆறைத் தாண்டவில்லையே என்று அவர் பேசாமல் இருந்துவிடுவார். பழைய விதிப்படியும் அதில் குற்றம் இல்லை. இது சாஃப்ட் ஃபோர்க்.

நான்கு என்பதற்குப் பதில் எட்டாக உயர்த்தினால்? ஆறு முடிந்ததும் அதே ஆள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். இது ஹார்ட் ஃபோர்க்.

இங்கே மடை திறப்பவர் மைனர், அதாவது சங்கிலியில் புது பிளாக் போடுகிறவர். வரப்பில் நின்று கணக்குப் பார்ப்பவர் நோடு, அதாவது வரும் பிளாக் விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும் கணினி. இறுக்குகிற விதிக்கு மைனர்களில் பெரும்பகுதி கட்டுப்பட்டால் போதும், பழைய நோடும் கூடவே வந்துவிடும். தளர்த்துகிற விதிக்கு எல்லோரும் ஒரே நொடியில் மாறியாக வேண்டும். மாறாதவர் தனிச் சங்கிலியில் நின்றுபோவார். உங்கள் மாற்றம் எந்த வகை என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: யார் யார் தயாராக வேண்டும்?

மைனர், நோடு, வாலட் (நாணயத்தை வைத்து அனுப்பும் செயலி), எக்ஸ்சேஞ்ச் (நாணயம் வாங்கி விற்கும் இடம்). இந்த நான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "தயார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியைப் போடுங்கள். மைனருக்கு மட்டும்தான் விடை சுலபமாகக் கிடைக்கும், அவர் போடும் பிளாக்கிலேயே ஒரு பிட்டை (0 அல்லது 1 என்ற சின்னக் குறியை) ஏற்றிக் காட்டலாம். மற்றவர்களிடம் நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மைனர்களை எண்ணுவது வழக்கமாகிப் போனதற்கு முக்கியக் காரணம் இந்தச் சுலபம்தான் என்பது என் எண்ணம். எண்ண வாய்ப்பதைத்தான் எண்ணுகிறோம்.

படி 3: எதை வைத்து இயக்குவது?

அடிப்படையில் இரண்டு வழி உண்டு. முதலாவது நாள் குறிப்பது. இன்ன தேதி அல்லது இன்ன பிளாக் எண் வந்தால் விதி அமலுக்கு வரும், அவ்வளவுதான். கீழ்பவானியில் ஆகஸ்ட் 15 தண்ணீர் திறப்பு என்றால், அதற்குள் கிளை வாய்க்காலைத் தூர்வாரி வைப்பது அவரவர் பாடு. பிட்காயினில் பி2எஸ்எச் என்ற, பணம் அனுப்பும் முறை பற்றிய விதி 2012 ஏப்ரல் 1 அன்று இப்படித் தேதி வைத்துத்தான் அமலுக்கு வந்தது. எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நெட்வொர்க்கில் ஹார்ட் ஃபோர்க்குகள் காலங்காலமாகப் பிளாக் எண்ணில் ஓடின. 2022 செப்டம்பரில் மைனிங்கை விட்டு மாறியபோது மட்டும், மொத்தக் கடினத்தன்மை (சங்கிலியில் அதுவரை குவிந்த மைனிங் உழைப்பின் கணக்கு) ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் மாறும்படி வைத்தார்கள். பிளாக் எண்ணை வைத்திருந்தால், குறைந்த கணினி பலத்தை வைத்தே ஒரு போலிச் சங்கிலியை யாராவது தனியாக வளர்த்து அந்த எண்ணுக்கு முந்திக்கொண்டு போயிருக்க முடியும். அதன்பிறகு அங்கே நேரக் கணக்குத்தான். 2023இல் ஷாங்காய் அப்கிரேடு உலக நேரப்படி ஏப்ரல் 12 இரவு வந்தது. நம்மூரில் 13ஆம் தேதி, பால்காரர் வருவதற்கும் முந்தைய விடியற்காலை நான்கு மணி.

நாள் குறிக்கும் வழியில் ஒரு சங்கடம் உண்டு, அதற்குப் பிரேக் கிடையாது. எத்தீரியத்தின் கான்ஸ்டான்டினோப்பிள் என்ற அப்கிரேடு 2019 ஜனவரியில் 70,80,000ஆவது பிளாக்கில் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்ணில் பட்டது. பிளாக் எண் ஏற்கெனவே நிரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டதால், "எல்லோரும் உடனே சாஃப்ட்வேரை மாற்றுங்கள்" என்று அவசரமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு அது பிப்ரவரி 28 அன்று 72,80,000இல் வந்தது.

இரண்டாவது வழி சிக்னல் எண்ணுவது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள், இருவருக்கு மட்டும்தான் தெரியும். சிக்னல் அதற்கு நேர்மாறு, பிளாக்கின் வெர்ஷன் எண்ணில் ஒரு பிட் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இத்தனை பிளாக்கில் இத்தனை சிக்னல் வந்தால் விதி அமல்.

இதில் தொடக்கத்தில் நான் தப்பாகப் புரிந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. சிக்னலை நான் ஓட்டு என்று நினைத்தேன். உண்மையில் அது "என் சாஃப்ட்வேர் தயார்" என்ற தகவல். தகவல் என்றால் அது பொய்யாகவும் இருக்கலாம், ஓட்டு பொய்யாக இருக்க முடியாது.

2015 ஜூலை 4 அன்று பிட்காயினில் இது பட்டவர்த்தனமாகியது. பிப் 66 என்ற விதிக்கு (பிப் என்பது பிட்காயினை மாற்ற எழுதப்படும் முன்மொழிவு), கடைசி 1,000 பிளாக்கில் 950 சிக்னல் என்பது இலக்கு. இலக்கைத் தொட்டதுமே விதி இறுகியது. சிறிது நேரத்தில், அப்டேட் செய்யாத சின்ன மைனர் ஒருவர் செல்லாத பிளாக் ஒன்றைப் போட்டார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, மீதி 5 சதவீதத்தில் ஒருவர் போடத்தான் செய்வார். ஆனால் நெட்வொர்க் பலத்தில் சுமார் பாதி, வந்த பிளாக்கை முழுதாகச் சரிபார்க்காமலேயே அதன்மேல் அடுக்கிக்கொண்டிருந்தது. தயார் என்று கொடி காட்டியவர்களே அடுக்கினார்கள். ஆறு பிளாக் வீணாகிப் போயின.

எங்கள் பவானிக் கதையும் இதேதான். மைனிங் அமைப்புகளை எப்படி வைப்பது என்று மச்சான் கேட்டார், என் கோப்பை அப்படியே அனுப்பி வைத்தேன். சோதனைக்காக அதில் பிளாக் வெர்ஷன் எண்ணை நான் கையால் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கோப்பைப் பழைய சாஃப்ட்வேரோடு அவர் ஓட்டினார். அவருடைய பிளாக் ஒவ்வொன்றும் "தயார், தயார்" என்று சொல்லிக்கொண்டே போனது. எங்களில் அவர் கணினிதான் புதுசு, பாதிக்கு மேல் பிளாக் அவருடையது. புது விதி அமலானதும், சோதிப்பதற்காகச் செல்லாத பரிவர்த்தனை ஒன்றை விட்டோம். எங்கள் ஆறு கணினிகளும் அதைத் தள்ளின, அவருடையது விழுங்கியது. பலம் அவர் பக்கம் இருந்ததால் அவர் சங்கிலியே நீளமாக வளர்ந்தது. ராத்திரி முழுக்கச் சந்தோஷமாக ஓட்டியிருக்கிறார்.

ஆகவே சிக்னல் வழியைத் தேர்ந்தெடுத்தால், எண்ணிக்கையை நம்புவதற்கு முன்பு பெரிய மைனர்களிடம் ஒருமுறையாவது பேசிவிடுங்கள். எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படி 4: மூன்று எண்கள்

எத்தனை சதவீதம், எத்தனை பிளாக்குக்குள், இலக்கைத் தொட்ட பிறகு எவ்வளவு அவகாசம். 2015இல் விடுபட்டது மூன்றாவது. அதற்குப் பிறகு வந்த பிப் 9 முறையில் 2,016 பிளாக் ஒரு சுற்று, சுமார் இரண்டு வாரம். அதில் 95 சதவீதம், அதாவது 1,916 பிளாக் சிக்னல் தர வேண்டும். தந்தால் விதி பூட்டப்படும். உடனே அமலாகாது, இன்னொரு முழுச் சுற்று ஓடிய பிறகே அமலாகும். தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து அப்டேட் செய்ய அந்த இரண்டு வாரம்.

சதவீதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். 1,916 வேண்டும் என்றால், 101 பிளாக்கில் சிக்னல் வராவிட்டாலே அந்தச் சுற்று தோற்றுவிடும். பெரிய நெட்வொர்க்கில் அது பாதுகாப்பு. இரண்டு மூன்று பூல் (மைனர்கள் கூட்டாகச் சேர்ந்த குழு) மட்டும் இருக்கும் சின்ன நாணயத்தில், ஆறு சதவீதம் வைத்திருக்கும் ஒருவர் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். சின்ன நாணயத்துக்கு 80, 85 என்று வைத்து, அவகாசத்தை நீட்டுவதே என் பழக்கம். சுற்றை மட்டும் குறுக்காதீர்கள். நூறு பிளாக் சுற்றில் அதிர்ஷ்டம் அடித்தவர் பலம் கூடியவர் போலத் தெரிவார்.

படி 5: எண்ணிக்கை வராவிட்டால்?

இதற்கு விடை எழுதாமல் நிரலில் கை வைக்காதீர்கள். பாடுபட்டு விதி எழுதியவர்கள் எல்லோரும் ஆதரவு கிடைக்கும் என்றே நினைக்கிறார்கள்.

பரிவர்த்தனையின் கையெழுத்துத் தரவைத் தனியே பிரிக்கும் செக்விட் என்ற பிட்காயின் விதி அப்படி நினைத்துத்தான் கிளம்பியது. 2016 நவம்பரில் சிக்னல் தொடங்கியது. 95 தேவை, ஆனால் மாதக்கணக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. காலக்கெடு ஒரு வருஷம், அது முடிந்தால் விதி செத்துவிடும். நடுவில் நோடு ஓட்டுகிறவர்கள் ஒரு தரப்பாகக் கிளம்பி, 2017 ஆகஸ்ட் 1 முதல் செக்விட் சிக்னல் இல்லாத பிளாக்கை எங்கள் நோடு ஏற்காது என்றார்கள். அது பிப் 148. மடை திறப்பவரைப் பார்த்து வரப்பில் நிற்பவர்கள் பேசிய பேச்சு அது. அதற்கு முன்பாகவே மைனர்கள், 336 பிளாக்கில் 80 சதவீதம் என்ற பிப் 91 வழியாக ஜூலையில் இறங்கி வந்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று 4,81,824ஆவது பிளாக்கில் செக்விட் அமலானது. ஆகஸ்ட் 1 அன்று பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயம் பிரிந்தும் போனது. எந்தத் தரப்பு நியாயம் என்று இன்றுவரை வாதிடுகிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. எண்ணிக்கை வராவிட்டால் என்ன என்பதை முன்கூட்டியே பேசி வைக்காததால், அந்தப் பேச்சு மொத்தமும் கத்திமுனையில் நடந்தது.

அந்தச் சூடு டேப்ரூட் என்ற அடுத்த பெரிய பிட்காயின் விதியின் நேரத்திலும் ஆறவில்லை. காலக்கெடு முடியும்போது விதி தானாக அமலாக வேண்டுமா, கைவிடப்பட வேண்டுமா என்பதே பிப் 8 முறையைச் சுற்றி நடந்த சண்டை. விதி வேண்டும் என்பதில் பெரிதாக யாருக்கும் மறுப்பு இல்லை, இயக்கும் முறையில்தான் இழுபறி. கடைசியில் ஸ்பீடி டிரயல் என்று ஒரு வழி பண்ணினார்கள். சுமார் மூன்று மாதம்தான் அவகாசம், 90 சதவீதம், அதாவது 1,815 பிளாக். வந்தால் சரி, வராவிட்டால் வேறு வழியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வந்தாலும் 7,09,632ஆவது பிளாக்குக்கு முன் அமலாகாது. 2021 ஜூன் 12 அன்று பூட்டியாயிற்று, நவம்பர் 14 அன்று அமல். சண்டையை முடிக்காமல் தள்ளிப்போட்ட வழிதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். தோற்பதாக இருந்தால் சீக்கிரம் தோற்றுவிடும், ஜெயித்தால் தயாராக ஐந்து மாதம் கிடைக்கும்.

உங்கள் தாளில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்: "இந்தத் தேதிக்குள் எண்ணிக்கை வராவிட்டால், தானாக அமலாகும்" அல்லது "கைவிடுவோம்". முதலாவதை எழுதுவதானால், மைனர்கள் வராவிட்டாலும் எக்ஸ்சேஞ்சும் வாலட்டும் உங்கள் பக்கம் நிற்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அடுத்த வரியில் எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றவில்லையா, இரண்டாவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் ஃபோர்க் என்றால் இந்தப் படி கிட்டத்தட்ட தேவையில்லை. மைனர் எண்ணிக்கையை வைத்து எல்லோரையும் நகர்த்த முடியாது, நாள் குறித்துத் தள்ளி வைப்பதுதான் வழி.

படி 6: ஒத்திகை

பிட்காயின் சாஃப்ட்வேரில் ரெக்டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் தனி நெட்வொர்க். அதில் ஒரு சுற்று 144 பிளாக், இலக்கு 108. நினைத்த நொடியில் பிளாக் போடலாம் என்பதால், இரண்டு வாரத்து வேலை ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். மூன்றுமுறை ஓட்டுங்கள். ஒருமுறை 108 சிக்னல் வைத்து, பூட்டுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை 107 வைத்து, பூட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஏழு பேரில் ஒருவர் நிரலில் "க்கு மேல்" என்பதற்கும் "அல்லது அதற்கு மேல்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தவறவிட்டது இங்கேதான் பிடிபட்டது. மூன்றாவது முறை, பழைய நோடு ஒன்றை வேண்டுமென்றே சேர்த்து, பொய்யாகச் சிக்னல் கொடுக்க விடுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு மச்சான் சோதனை என்று பெயர்.

அப்புறம் நாளைப் பாருங்கள். பிளாக் எண் என்றால் தேதி முன்னும் பின்னும் நகரும், மைனர்கள் கூடினால் முந்தும், குறைந்தால் பிந்தும். எங்கள் இரண்டாவது முயற்சி கணக்குப்படி ஒரு புதன்கிழமை வந்திருக்க வேண்டும். இரண்டு கணினி நடுவில் நின்றுபோனதால், தள்ளித் தள்ளிப் பண்ணாரி அம்மன் குண்டம் (தீமிதி) திருவிழாவன்று வந்து நின்றது. மற்ற ஐந்து பேர் சத்தியமங்கலம் போய்விட்டார்கள். வீட்டில் நானும், போனில் மச்சானும் மட்டும்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தமுறை அவர் முதலிலேயே வெர்ஷன் எண்ணைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், நான் கேட்காமலேயே.