பெருங்கப்பலில் விடுமுறை: எதை எதிர்பார்க்கலாம், எப்படித் தயாராகலாம்

2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நீளம் 365 மீட்டர். தளங்கள் 20. முழுக்க நிரம்பினால் பயணிகள் மட்டும் ஏறக்குறைய 7,600 பேர். ஊழியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போவார்கள், ஒரே நேரத்தில் லிஃப்டுக்கு நிற்பார்கள், ஒரே காலையில் இறங்குவார்கள். பெருங்கப்பல் பயணத்தில் சமாளிக்க வேண்டியது கடலைவிடக் கூட்டத்தைத்தான். எதை எப்போது செய்வது என்று தெரிந்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

கேபின்

வகை நான்கு: ஜன்னலே இல்லாத உள்கேபின், ஜன்னல் கேபின், பால்கனி கேபின், சூட் எனப்படும் விசாலமான அறைத்தொகுப்பு. உள்கேபின் சுமார் 15 சதுர மீட்டர்தான் இருக்கும். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததே தெரியாது. தூங்க மட்டும் அறைக்கு வருபவர்களுக்கு அது தாராளம்.

வகையைவிட இடம் முக்கியம். ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். கப்பலின் இருபக்கமும் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு போன்ற அமைப்புகள் பக்கவாட்டு உருளலைக் குறைக்கும். முன்முனை ஏறி இறங்குவதை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. அதனால் தலைசுற்றல் உள்ளவர்கள் முன்முனைக் கேபினை எடுக்கவே கூடாது. அங்கே இன்னொரு தொல்லை: துறைமுகத்தை அணையும் விடியற்காலையில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்துவிசிறிகளின் உறுமல்.

பணம் கட்டும் முன் தள வரைபடத்தை எடுத்து, உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் என்றால் அதிகாலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே அரங்கம் என்றால் நள்ளிரவு வரை இசை. மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம்தான் நிம்மதி. கேபின் எண்ணைக் கப்பல் நிறுவனமே ஒதுக்கும் 'கியாரண்டி' கட்டணம் மலிவு. அதில் இந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை.

கட்டணத்துக்கு வெளியே உள்ள செலவு

பொதுவாகக் கட்டணத்தில் அடங்குபவை கேபின், முதன்மை உணவகம், பஃபே, பெரும்பாலான மேடை நிகழ்ச்சிகள், குளம், குழந்தைகள் மன்றம். மது, குளிர்பானம், சிறப்பு உணவகங்கள், ஸ்பா, வைஃபை, கரைச் சுற்றுலா எல்லாம் தனி. பல நிறுவனங்களில் டிப்ஸ் ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. மதுபானத் தொகுப்பை ஒருவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கப்பலில் ரொக்கம் புழங்காது; கேபின் அட்டையே பணப்பையும் சாவியும். அதனுடன் டெபிட் கார்டை இணைக்காதீர்கள். செலவை எதிர்பார்த்து நிறுவனம் முன்கூட்டியே தொகையை முடக்கி வைக்கும். விடுவிக்க நாட்கள் ஆகும்.

பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதியைத் தனித்தனியே பாருங்கள். ஒரு நாட்டை விட்டுப் போய் மறுபடி அங்கேயே திரும்பினால் பலமுறை நுழையும் விசா தேவைப்படும். நிறைய பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளைப் பல நிறுவனங்கள் ஏற்றாது. கப்பல் மருத்துவமனையில் கட்டணம் அதிகம். அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் நாள்

புறப்படும் துறைமுக நகருக்கு முந்தின நாளே போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது.

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே ஒப்படைத்துவிடுவோம். அவை கேபின் வாசலுக்கு வர மாலை, சில சமயம் இரவு ஆகும். மருந்து, சார்ஜர், நீச்சலுடை கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்தால் சோதனை மேசையில் மாட்டிக்கொள்வீர்கள். இஸ்திரிப்பெட்டி, மின்கெண்டி, மெழுகுவர்த்தி எல்லாம் பறிமுதல் ஆகும். மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பலகையும் அப்படியே: கப்பலின் மின் இணைப்பு வீட்டு இணைப்பு போன்றதல்ல, அந்தப் பலகை சூடேறித் தீப்பிடிக்கலாம். பதிலாகப் பல துளை யூஎஸ்பி சார்ஜர் கொண்டுபோங்கள். கேபின் சுவர்கள் பெரும்பாலும் எஃகு. நாலைந்து காந்தக் கொக்கி இருந்தால் ஈரத்துணி, தொப்பி, பை எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும்.

ஏறியதும் எல்லோரும் மேல்தளப் பஃபேக்கு ஓடுவார்கள். முதன்மை உணவகம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். நிகழ்ச்சி முன்பதிவு பாக்கி இருந்தால் அன்றே முடியுங்கள். சைவம், ஒவ்வாமை போன்றவற்றைப் பயணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாலும் முதல் இரவில் பரிமாறுபவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அவசரகாலப் பயிற்சியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2012 ஜனவரியில் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பல நூறு பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 2015 முதல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்துவது கட்டாயம். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் என்றால் உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்துக்குப் படிக்கட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

கடலில்

போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது கப்பலின் செயற்கைக்கோள் வழி செல்பேசி வலைப்பின்னலைப் பிடித்துக்கொள்ளும். பில் பார்த்துத் தலை சுற்றும்.

உண்மையான தலைசுற்றலுக்கு மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. எது பொருந்தும் என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள், சில மாத்திரை தூக்கம் தரும். வெறும் வயிற்றோடு படுத்திருப்பதைவிட, கொஞ்சம் சாப்பிட்டு, திறந்த தளத்தில் தொடுவானத்தைப் பார்த்து நிற்பது நல்லது.

கப்பலில் வயிற்றுப்போக்குப் பரவினால் பெரும்பாலும் காரணம் நோரோவைரஸ். வாசலில் வைத்திருக்கும் கைத்திரவம் (சானிடைசர்) அதை அவ்வளவாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும், 20 விநாடி. கழிவறை வெற்றிட உறிஞ்சலில் இயங்குகிறது. ஈரத் துடைப்புத்தாள் (வெட் வைப்) ஒன்றைப் போட்டால் பக்கத்துக் கேபின்களுக்கும் அடைத்துக்கொள்ளும்.

துறைமுகம் இல்லாத நாளில் குளத்தடி நாற்காலிகள் காலை ஒன்பதுக்கெல்லாம் நிரம்பும். பஃபேயில் நெரிசல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. அந்த நேரத்தில் குளத்துக்கும், கூட்டம் குளத்தில் இருக்கும்போது சாப்பாட்டுக்கும் போவதே சூத்திரம்.

கரையில்

கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் வேறாக இருக்கலாம், போன் தானாக மாறிவிடும். கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் ஒன்று அவசியம். புறப்படும் நேரமும் ஏற வேண்டிய கடைசி நேரமும் ஒன்றல்ல: பின்னது அரை மணி முதல் ஒரு மணி நேரம் முந்தியது. நிறுவனம் வழியே எடுத்த சுற்றுலா தாமதமானால் பொறுப்பு அவர்களுடையது. சொந்தமாகப் போனால் உங்களுடையது; அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். அதனால் தனியே போகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்பே திரும்பும்படி திட்டமிடுங்கள்.

ஆழமில்லாத துறைகளில் கப்பல் தள்ளி நங்கூரமிடும், சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். காற்று எழுந்தால் முதலில் ரத்தாவது இவைதான். ஒப்பந்தப்படி நிறுவனம் துறைமுகத்தைத் தவிர்க்கலாம். வழக்கமாகத் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பக் கிடைக்கும். ஒரே ஓர் ஊருக்காக ஒரு கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இறங்குவது

கடைசி இரவு, சொன்ன நேரத்துக்குள் பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்க வேண்டும். மறுநாள் உடுத்தும் துணியையும் செருப்பையும் வெளியே எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். இரவு உடையோடு இறங்குபவர்கள் உண்டு. பெட்டியைத் தாங்களே தூக்கிச் செல்பவர்களுக்கு முதலில் வழி விடுவார்கள். கணக்கை அன்றிரவே நிறுவனத்தின் செயலியில் சரிபாருங்கள், காலையில் வரவேற்பு மேசை வரிசை நகராது. விமானத்தை நண்பகலுக்குப் பிறகு பதிவு செய்யுங்கள். கேபினை விட்டு வெளியேறும்போது சுவர்ப் பெட்டகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பாஸ்போர்ட் அதற்குள்தான் கிடக்கும்.