புதிய நிறுவனத்திற்கு பேமென்ட் கேட்வே தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சிறு நிறுவனங்களின் இணையக் கடைகளுக்கு நிரல் எழுதித் தருவது என் தொழில். புதிதாகக் கடை தொடங்கும் ஒவ்வொருவரும் பேமென்ட் கேட்வே (வாடிக்கையாளர் இணையத்தில் செலுத்தும் பணத்தை வணிகருக்குக் கொண்டுசேர்க்கும் சேவை) பற்றி என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் பிடிப்பார்கள்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு இரண்டாவது இடமே போதும் என்பதை ஒரு தீபாவளி எனக்குக் கற்றுக்கொடுத்தது. பலகாரம் செய்து விற்கும் ஒரு கோவை நிறுவனத்திற்கு, கட்டணம் சற்றுக் குறைவு என்ற ஒரே காரணத்திற்காக ஒரு கேட்வேயைத் தேர்ந்தெடுத்திருந்தோம். பண்டிகைக்கு முந்தைய வாரம் ஆர்டர்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெருகவே, கேட்வே நிறுவனத்தின் இடர் ஆய்வுப் பிரிவு சந்தேகப்பட்டு செட்டில்மென்ட் முழுவதையும், அதாவது கடையின் கணக்கில் வந்து சேர வேண்டிய விற்பனைப் பணத்தை, நிறுத்திவைத்துவிட்டது. எண்ணெய்க்காரருக்கும் நெய்க்காரருக்கும் கொடுக்கப் பணமில்லை. நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும், பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. பண்டிகை முடிந்து நான்கு நாட்கள் கழித்தே பணம் கைக்கு வந்தது.

அதில் எங்கள் தவறும் உண்டு. விண்ணப்பத்தில் மாத விற்பனை எவ்வளவு என்று கேட்டிருந்த இடத்தில், சாதாரண மாதத்தின் தொகையை மட்டும் எழுதியிருந்தோம். உங்கள் தொழில் பருவத்தைச் சார்ந்ததாக இருந்தால், உச்ச மாதத்தின் விற்பனையையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எந்தச் சூழ்நிலையில், எத்தனை நாள் வரை பணத்தை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை மாலையில் அவர்களுடைய உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். மனிதர் ஒருவர் எடுத்துப் பேசுகிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேட்வே என்று நாம் பொதுவாகச் சொல்பவற்றில் பெரும்பாலானவை ரிசர்வ் வங்கியின் பார்வையில் பேமென்ட் அக்ரிகேட்டர்கள். 2020 மார்ச்சில் வெளியான வழிகாட்டுதல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது: தொழில்நுட்ப வழியை மட்டும் தருவது கேட்வே; வாடிக்கையாளரின் பணத்தைத் தன் கையில் வாங்கி வணிகருக்குச் சேர்ப்பது அக்ரிகேட்டர். வங்கியல்லாத அக்ரிகேட்டர், பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 2007-இன் கீழ் அனுமதி பெற்றிருக்க வேண்டும். வணிகருக்குச் சேர வேண்டிய பணத்தை வங்கியில் உள்ள எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேறு செலவுக்கு எடுக்க முடியாத பாதுகாப்புக் கணக்கில், தனியாக வைத்திருக்க வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. விளம்பரத்தில் காணும் பெயரைவிட ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரைக் கொண்டு அங்கே தேடுங்கள்.

இனி கட்டணத்திற்கு வருவோம். 5,000 ரூபாய் விற்பனைக்கு 2 சதவீதம் என்றால் 100 ரூபாய். அந்த 100 ரூபாய் மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 118 ரூபாய் போக, கணக்கிற்கு வருவது 4,882 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அந்த 18 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகக் கோரி, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அது செலவுதான். யுபிஐ, ரூபே டெபிட் கார்டு ஆகியவற்றுக்கு 2020 ஜனவரி முதல் எம்டிஆர் (வணிகரிடம் பிடிக்கும் பரிவர்த்தனைக் கட்டணம்) கிடையாது என்றாலும், பிளாட்ஃபார்ம் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை வசூலிக்கப்படுவது உண்டு. ஆகவே யுபிஐ, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, நெட்பேங்கிங், வெளிநாட்டு கார்டு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விகிதம் கேட்டு வாங்குங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் யுபிஐயில் செலுத்துவார்கள் எனில், கிரெடிட் கார்டு விகிதத்திற்காக மணிக்கணக்கில் பேரம் பேசுவதில் பயனில்லை. ரீஃபண்ட் செய்யும்போது முதலில் பிடித்த கட்டணம் திரும்பி வருமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் வராது, அளவு சரியில்லை என்று அடிக்கடி திரும்பி வரும் ஆடைகளை விற்பவருக்கு இது சிறிய விஷயமல்ல.

நான் அதிக நேரம் செலவிட்டுச் சோதிப்பது, பணம் போய் ஆர்டர் பதிவாகாமல் போகும் நிலையைத்தான். வாடிக்கையாளர் பேருந்தில் அமர்ந்தபடி 1,499 ரூபாய்க்கு ஆர்டர் செய்கிறார். யுபிஐ செயலிக்குச் சென்று ரகசிய எண்ணை (PIN) இடுகிறார், பணம் கழிகிறது, உங்கள் பக்கத்திற்குத் திரும்பும் முன் சிக்னல் போய்விடுகிறது. அவர் கணக்கில் பணம் குறைந்துவிட்டது, உங்கள் பட்டியலிலோ ஆர்டரே இல்லை. இந்த இடைவெளியை அடைப்பது வெப்ஹூக், அதாவது பணம் வந்ததும் கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் செய்தி. டெஸ்ட் மோடில், அதாவது உண்மைப் பணம் நகராத சோதனை முறையில், உங்கள் சர்வரை அணைத்துவிட்டு ஒரு கட்டணம் செலுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து சர்வரை இயக்கினால், தவறிய செய்தியை கேட்வே மீண்டும் அனுப்புகிறதா, ஒரே செய்தி இருமுறை வந்தால் உங்கள் நிரல் ஒரே ஆர்டராகப் பதிகிறதா, செய்தி கேட்வேயிடமிருந்தே வந்தது என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறை ஆவணத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆவணத்தைப் படிக்கும்போதே தொகையின் அலகையும் கவனியுங்கள். சில கேட்வேகள் 499 ரூபாயை 49900 எனப் பைசாவில் கேட்கும்; சில ரூபாயிலேயே கேட்கும்.

இணைய விற்பனையில் பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதிச் செய்தி வராத நிலையில், ஐந்து நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரப்பட வேண்டும் என்றும் 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கோபத்தோடு அழைக்கும் வாடிக்கையாளரிடம் இந்தக் காலக்கெடுவைச் சொல்ல உங்கள் ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்வதற்குத் தேவையான பரிவர்த்தனை எண்ணை கேட்வேயின் டாஷ்போர்டில் உடனே தேடி எடுக்கவும் முடிய வேண்டும்.

மாதச் சந்தா வசூலிக்கும் தொழில் என்றால் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொகையை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் அவருக்கு அறிவிப்பு செல்ல வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் வங்கிகளுக்கு இந்த வசதி அந்த கேட்வேயில் உண்டா என்று வங்கிவாரியாகக் கேளுங்கள்.

கேஒய்சிக்கு, அதாவது கேட்வே உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு, பான், நிறுவனப் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு, இணையதளத்தில் தொடர்பு முகவரி, தனியுரிமைக் கொள்கை, ரீஃபண்ட் கொள்கை ஆகிய பக்கங்களும் தயாராக இருக்க வேண்டும். இந்தப் பக்கங்கள் இல்லாததாலேயே விண்ணப்பம் திரும்பி வந்து, கடை திறக்கும் தேதி தள்ளிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கடை திறந்து வியாபாரம் ஓரளவு நிலைபெற்றதும், இரண்டாவது கேட்வே ஒன்றுக்கும் விண்ணப்பித்து கேஒய்சியை முடித்து வைத்துவிடுங்கள். கார்டு எண்ணை வணிகர் சேமிக்க 2022 அக்டோபர் முதல் தடை இருப்பதால், சேமித்த கார்டுகள் டோக்கன்களாக (கார்டு எண்ணுக்குப் பதிலாக நிற்கும் மாற்றுக் குறியீடுகளாக) கேட்வேயின் வழியாகவே கையாளப்படுகின்றன. வேறு கேட்வேக்கு மாறும்போது அவை உடன் வருமா என்பதை முதல் ஒப்பந்தத்தின்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகார நிறுவனத்தில் அடுத்த ஆண்டு புரட்டாசியிலேயே, தீபாவளிக்கு முன்பாக, இரண்டாவது கேட்வேயைத் தயார் செய்துமுடித்தோம்.